சாலைக்கு ஆம், பஸ்ஸுக்கு இல்லை

ஆகஸ்ட் மாதக் கூட்டத்தில் கவுண்டி ஆணையர்கள் மூவரும் சேர்ந்து ஒரு கேள்வியை இரண்டாகப் பிளந்தார்கள். ஒரு காபி குடித்து முடிக்கிற நேரம்கூட அதற்கு ஆகவில்லை.

அதுவரை இருந்தது ஒரே கேள்விதான். சொத்துவரியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கட்டி, வெட்ஸ்டோன் கவுண்டி என்ற அந்த மாவட்டத்தின் குண்டும் குழியுமான சாலைகளைச் செப்பனிடவும், கவுண்டி பஸ்களைத் தொடர்ந்து ஓட்டவும் சம்மதமா என்று நவம்பர் தேர்தல் வாக்குச்சீட்டில் கேட்பதாக இருந்தது. சாலைக்காக ஆம் போடுகிறவர்களின் தயவில் பஸ்ஸும் பிழைத்துக்கொள்ளும். கோடை முழுக்க அந்த நம்பிக்கையில்தான் இமோஜீன் ஸ்ட்ரவுட் வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"ஜனங்க கேக்கறது நியாயம்தானே," என்றார் நடுவில் உட்கார்ந்திருந்த ஆணையர். "ரோட்டுக்கு ஒரு கேள்வி, பஸ்ஸுக்கு ஒரு கேள்வி. யாருக்கு எது வேணுமோ அதுக்கு ஓட்டுப் போடட்டும். இதுல என்ன தப்பு?"

தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் தனியாக நின்றால் பஸ் தோற்கும் என்று இமோஜீனுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யோலாண்டா அவள் முழங்கையை இடித்து, "செத்தோம்," என்றாள். கவுண்டி பஸ் ஓட்டுகிறவள் யோலாண்டா. கூட்டங்களில் பேசக்கூடாது என்று அவளுக்கு மேலிடத்து உத்தரவு, ஆகவே முணுமுணுப்பாள்.

இமோஜீனுக்கு அறுபது தாண்டிவிட்டது. கண்ணின் நடுப்பகுதி தேய்ந்துபோகும் வியாதி அவளுக்கு. பார்வையின் மத்தியில் எப்போதும் ஒரு சாம்பல் நிறக் கறை நிற்கும். ஓரங்கள் மட்டும்தான் மிச்சம். ஒருவர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் காதுக்கு அப்பால் இருக்கிற சுவரைப் பார்க்க வேண்டும். தெரியாதவர்கள் அவளைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஓட்டுநர் உரிமத்தை அவளே கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டாள். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு, பெற்றோர் விட்டுப்போன வீட்டில், ஸ்லேட் ரன் சாலையில் தனியாக இருந்தாள். மார்லோ நகரத்து முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்பை மடிக்கக் கண் எதற்கு? உலர்த்தியிலிருந்து சூடாக வெளியே வரும் துணியை விரல்களே பிரித்துவிடும். காலையில் வெள்ளை நிறச் சின்ன பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும், மாலையில் கொண்டுவந்து விடும். அந்த பஸ் இருந்ததால்தான் அவளுக்கு ஒரு வேலையும், சம்பளமும், மதியச் சாப்பாட்டின்போது வம்பளக்க நாலு பேரும் இருந்தார்கள்.

பஸ்ஸை ஓட்டிவந்த பழைய வரி அந்த வருடத்தோடு காலாவதி. புதிய வரிக்கு ஜனங்கள் ஒப்பாவிட்டால் பஸ் இல்லை.

சனிக்கிழமைகளில் யோலாண்டா தன் சொந்தக் காரில் இமோஜீனை ஏற்றிக்கொண்டு கதவு கதவாகத் தட்டினாள். பெரும்பாலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். சாலை என்றதும் முகம் மலரும். போன வசந்தத்தில் எந்தக் குழியில் எந்தச் சக்கரம் போயிற்று என்ற கதைகள் வரும். பஸ் என்றதும் குரல் இறங்கும்.

வைக்கோல் உருட்டிக்கொண்டிருந்த ஒருவர் டிராக்டரை விட்டு இறங்காமலே கேட்டார்: "காலி பஸ்ஸுக்கு நான் ஏன் வரி கட்டணும்? எப்பப் பாத்தாலும் ஒரு தலை தெரியறதில்ல."

"இந்த அம்மாவ இறக்கி விட்டுட்டுத் திரும்பற வண்டியைத்தான் நீங்க பாக்கறீங்க," என்றாள் யோலாண்டா. "காலைல எழுந்து பாருங்க, தலை தெரியும்."

"காலைல நான் மாட்டைப் பாக்கணும்."

"மாடு ஓட்டுப் போடுமா? அதுகிட்டயே கேக்கறோம்."

அவர் சிரித்தார். ஓட்டுப் போடுவதாகச் சொல்லவில்லை.

அக்டோபர் கடைசியில் ஒருநாள் வீட்டுக்குத் திரும்பும்போது, இமோஜீனின் தம்பி டெல்பர்ட் வீட்டருகே கார் வேகம் குறைந்தது. அவன் வீடு அதே சாலையில், கூப்பிடு தூரத்தில் இருந்தது. புல்வெளியில் ஏதோ செவ்வகமாக வெள்ளையாக நிற்பது இமோஜீனின் கண்ணோரத்தில் பட்டது. நேராகத் திரும்பினாள், கறை வந்து அதை மூடிக்கொண்டது.

"டெல் வீட்ல என்னது அது? தேர்தல் விளம்பர அட்டையா?"

யோலாண்டா காரை ஓரமாக நிறுத்தினாள்.

"படிச்சுச் சொல்லு."

"படிக்கணுமா?"

"படி."

"சாலைக்கு ஆம், பஸ்ஸுக்கு இல்லைன்னு போட்டிருக்கு," என்றாள் யோலாண்டா. பிறகு, "எழுத்தாவது கோணலா இருக்கக்கூடாதா, அதுவும் நல்லா இருக்கு," என்றாள்.

அன்று சாயங்காலம் டெல்பர்ட் ஒரு பாத்திரத்தில் மான்கறியும் பீன்ஸும் கொண்டுவந்தான். வாராவாரம் கொண்டுவருவான். மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலை மூடியபோது வேலை போனவன். அதன்பின் கிடைத்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, இப்போது முதுகுவலியும் சின்ன ஓய்வூதியமுமாக இருந்தான். மனைவி எப்போதோ பிரிந்து போய்விட்டாள். உலகத்தில் அவனுக்கு அக்காவை விட்டால் ஆளில்லை. அக்காவுக்கும் அப்படித்தான்.

"அட்டையைப் பாத்தேன்," என்றாள் இமோஜீன்.

"பாத்தியா?"

"படிக்கக் கேட்டேன்."

அவன் பாத்திரத்தை அடுப்பில் வைத்தான். "ஜீன், நான் சொல்றதைக் கேளு. உன்மேல கோவம் இல்ல. எனக்கு இருக்கறது இந்த ஒரு வீடு. வருஷா வருஷம் அதுக்கு ஒவ்வொருத்தன் கை நீட்டறான். ஸ்கூலுக்குக் கொடு, தீயணைப்புக்குக் கொடு, நூலகத்துக்குக் கொடு. ரோடு போடட்டும், எல்லாரும் போறோம். பஸ்ஸுல யார் போறா? நீ போற, இன்னும் பத்துப் பேர் போறாங்க."

"அந்தப் பத்துப் பேருக்கு என்ன வழி?"

"அவங்களைப் பத்தி எனக்குத் தெரியாது. உனக்கு நான் இருக்கேன்ல? காலைல கொண்டுபோய் விடறேன், சாயந்தரம் கூட்டிட்டு வர்றேன். எனக்கு என்ன வேலை வெட்டி?"

"நீ கூட்டிட்டுப் போக வேணாம்டா. நானாப் போகணும்."

"பஸ்ல போனா நீயாப் போறதா அர்த்தமா? அதையும் எவளோ ஒருத்திதான் ஓட்டறா."

"அவகிட்ட நான் நன்றி சொல்லலாம், சொல்லாம இருக்கலாம். முகத்தைத் தூக்கி வச்சிக்கிட்டு ஏறலாம். ஒருநாள் உடம்பு சரியில்லன்னு படுத்துட்டா, அவ வந்து கதவைத் தட்ட மாட்டா. உன் வண்டில ஏறினா, தினமும் நான் நல்ல அக்காவா இருக்கணும்."

டெல்பர்ட்டுக்கு அது புரியவில்லை. அடி வாங்கியவன்போல நின்றான். "ஊரான் வண்டி உசத்தி, கூடப் பொறந்தவன் வண்டி மட்டமாப் போச்சு," என்றான். மான்கறி கருகும் வாசனை வந்ததும் இருவரும் அடுப்பிடம் ஓடினார்கள். சண்டை அதோடு நின்றது. அட்டை நின்ற இடத்திலேயே நின்றது.

தேர்தல் அன்று அவளை வாக்குச்சாவடிக்கு அழைத்துப்போனதும் அவன்தான். தீயணைப்பு நிலையத்தில், வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு மேசைகள் போட்டிருந்தார்கள். பார்வை இல்லாதவர்கள் காதில் மாட்டிக் கேட்டு ஓட்டுப் போடுகிற இயந்திரம் ஒன்று மூலையில் இருந்தது. அதை இயக்கத் தெரிந்தவருக்கு அன்று காய்ச்சல். மேசையில் இருந்த பெண் பலமுறை மன்னிப்புக் கேட்டாள். "நம்பிக்கையான ஆளு யாராவது கூட இருந்தா அவங்க உங்களுக்காக நிரப்பலாம் மேடம். இல்லேன்னா நாங்க ரெண்டு பேர் வந்து நிரப்பித் தர்றோம்."

இமோஜீன் ஒரு கணம் யோசித்தாள். "என் தம்பி இருக்கான்," என்றாள்.

தடுப்புக்குப் பின்னால் இருவரும் தோள் உரச நின்றார்கள். டெல்பர்ட் தாளை முகத்துக்கருகே கொண்டுபோய், மெதுவாக, தடுக்கித் தடுக்கி வாசித்தான். அவனுக்கு மனசில்லை, அதனால்தான் இழுக்கிறான் என்று அவள் எண்ணினாள். ஆட்களின் பெயர்கள் முடிந்தன. சாலை வந்தது.

"ஆம்," என்றாள்.

பேனா கிறீச்சிட்டது.

"அடுத்தது பஸ்," என்றான்.

"ஆம்."

பேனா முனை தாளில் ஒருமுறை தட்டியது. பிறகு பேனா நகர்ந்தது. "பாத்துக்கோ," என்று தாளை அவள் பக்கம் நீட்டினான். அவள் தலையைச் சாய்த்து, சுவரைப் பார்த்து, கண்ணோரத்தால் தாளை எட்டிப் பிடித்தாள். ஆம், இல்லை இரண்டில் எந்த வட்டம் கறுப்பு என்று தெரியவில்லை. ஆனால் தெரிந்ததுபோல் தலையாட்டினாள்.

அவன் தன் சீட்டை நிரப்பிவிட்டு வந்தான். வண்டியில் ஏறிய பிறகு, "நீ சொன்னதைத்தான் போட்டேன்," என்றான். "என்னுது என் இஷ்டப்படி போட்டேன்."

"அப்ப உன்னுதும் என்னுதும் கழிஞ்சு போச்சு. வீட்லயே இருந்திருந்தா பெட்ரோலாவது மிச்சம்."

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். அந்த வருடத்தில் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று சொல்லலாம்.

சாலை அமோகமாக ஜெயித்தது. பஸ் தோற்றது, அதுவும் அமோகமாக. மறுநாள் காலை பஸ்ஸில் ஏறும்போது யோலாண்டா வழக்கமான கிண்டல் எதுவும் இல்லாமல், "படி ஈரமா இருக்கு, பாத்து," என்றாள். உள்ளே எல்லோரும் செய்தியைக் கேட்டிருந்தார்கள். ரத்தம் சுத்திகரிக்க வாரத்துக்கு மூன்றுமுறை மார்லோ போகிற பெரியவர் ஒருவர் மட்டும், "அடுத்த வருஷம் மறுபடி கேக்கலாம் இல்லையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கேட்கலாம் என்றார்கள். அடுத்த வருஷம் வரைக்கும் அவர் சிறுநீரகத்துக்கு என்ன பதில் என்று யாரும் சொல்லவில்லை.

டிசம்பர் இறுதியில் பஸ் நின்றது. கடைசி நாள் யாரோ கேக் கொண்டுவந்தார்கள். யோலாண்டா ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றபடியே தன் துண்டைத் தின்றுவிட்டு, விரலை நக்கிக்கொண்டு, கொலம்பஸ் நகரத்தில் பஸ் ஓட்டும் வேலை கிடைத்துவிட்டதாகச் சொன்னாள். "அங்க ஜனங்க பஸ்ஸைத் திட்டறாங்களாம், லேட்டா வருதுன்னு," என்றாள். "கேக்கவே இனிப்பா இருக்கு." இமோஜீனை அவள் வீட்டு வாசல்வரை நடத்திக்கொண்டுபோய் விட்டாள். அதற்குமுன் அப்படிச் செய்ததில்லை.

ஜனவரியிலிருந்து டெல்பர்ட் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். பனி கொட்டினாலும் பிக்கப் வண்டியின் கண்ணாடியைச் சுரண்டிவிட்டு, சூடேற்றி, விடியுமுன்னே வாசலில் வந்து நிற்பான். ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. அவளுக்காக ஒரு போர்வை, குடுவையில் காபி. அவள் பயந்ததுபோல் நன்றி ஒரு பாரமாக இல்லை. வேறொன்றுதான் பாரமாக வந்தது.

முதலில் அது காதில்தான் விழுந்தது. வலப்பக்கச் சக்கரங்கள் சாலையோரச் சரளையில் இறங்கி நொறுநொறுக்கும். டெல்பர்ட் சட்டென்று வண்டியைத் திருப்புவான். தூக்கக் கலக்கம் என்று நினைத்தாள். பிறகு ஒருநாள் மார்லோ சந்திப்பில், பின்னாலிருந்த வண்டி ஒலி எழுப்பும்வரை பச்சை விளக்கில் நின்றுகொண்டிருந்தான். இன்னொரு நாள் யாருடைய தபால் பெட்டியையோ பக்கவாட்டுக் கண்ணாடி இடித்து உடைத்தது. "எவன் இதை இவ்வளவு வெளியில நட்டது," என்று கத்தினான். கத்தும்போது அவன் முகம் அவளைப் பார்க்கவில்லை என்பது அவள் கண்ணோரத்தில் தெரிந்தது. அவள் காதுக்கு அப்பால், ஜன்னலைப் பார்த்தது.

ஒருவர் அப்படிப் பார்ப்பது ஏன் என்று இமோஜீனுக்குத் தெரியும். அவர்கள் அம்மாவும் கடைசிக் காலத்தில் அப்படித்தான் பார்த்தாள். தீயணைப்பு நிலையத்தில் அவன் தாளை முகத்தோடு ஒட்டிவைத்து இழுத்து இழுத்து வாசித்ததற்கும் அப்போதுதான் காரணம் விளங்கியது.

"கண்ணை டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று கேட்டாள்.

"என் கண்ணுக்கு என்ன?"

"டெல்."

"உனக்கு வந்தா எல்லாருக்கும் வரணுமா? பனில எவனுக்குத்தான் தெரியுது? ராத்திரி சரியாத் தூங்கல, அவ்வளவுதான்." ஸ்டியரிங்கை ஒரு குத்துக் குத்தினான். "உன்னைப் பத்திரமாக் கொண்டுவந்து சேக்கறேனா இல்லையா?"

சேர்த்தான். தினமும் சேர்த்தான். அவள் தினமும் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூட பஸ்ஸுக்காகக் குழந்தைகள் இருட்டில் காத்திருக்கும் வளைவுகளை மனசுக்குள் ஒவ்வொன்றாகக் கடந்தாள். வேறு வழி தேடினாள். சலவைக்கூடத்தில் யாரும் அவள் பக்கம் வசிக்கவில்லை. வாடகைக்கார் இத்தனை தூரம் வராது. மார்லோவில் அறை பார்த்தால் அவள் சம்பளம் வாடகைக்கே போதாது. உரிமம் வழங்கும் அலுவலகத்துக்குப் போன் போட்டு, என் தம்பிக்குக் கண் தெரியவில்லை என்று சொன்னால் அவர்கள் கூப்பிட்டுப் பரிசோதிப்பார்கள். இரண்டுமுறை போனை எடுத்தாள். எதிர்முனையில் குரல் கேட்டதும் இரண்டுமுறையும் வைத்துவிட்டாள்.

தனக்காகத்தான் அவன் ஓட்டுகிறான். தனக்குப் போக வேண்டிய இடம் இருக்கும்வரை ஓட்டுவான். யோசித்து யோசித்து அவள் வந்து நின்ற இடம் இதுதான்.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சலவைக்கூடத்து மேற்பார்வையாளரிடம் போய், வேலையை விடுவதாகச் சொன்னாள். அந்தப் பெண் திடுக்கிட்டுப்போனாள். "ஏன் இமோஜீன்? பஸ் நின்னப்பகூட நீங்க வந்தீங்களே. தம்பிதான் கூட்டிட்டு வர்றாரே?"

"அதனாலதான்," என்றாள் இமோஜீன். தன் அலமாரியிலிருந்த மேலங்கியையும் உள்ளே போடும் செருப்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டாள். உலர்த்தி ஓடிக்கொண்டிருந்தது, அது நிற்கும்வரை பக்கத்தில் நின்று, கடைசிச் சுமையையும் மடித்து வைத்துவிட்டு வந்தாள்.

வண்டியில் ஏறியதும் தம்பியிடம் பொய் சொன்னாள். "ஆளைக் குறைக்கறாங்களாம். கடைசியா வந்தவங்க, வயசானவங்கன்னு பாத்து அனுப்பறாங்க."

டெல்பர்ட் சந்திப்பை நிதானமாகத் தாண்டினான். பிறகு, "நன்றி கெட்ட நாய்ங்க," என்றான். கொஞ்ச தூரம் போனதும், "போகட்டும் விடு ஜீன். பனில இந்த அலைச்சல் உனக்கு எதுக்கு," என்றான். அவன் குரலில் இருந்த நிம்மதி அவளுக்குக் கேட்டது. அவனும் பயந்துதான் ஓட்டியிருக்கிறான். அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்தது. வேலை போன அழுகை என்று அவன் எடுத்துக்கொண்டு, ஒரு கையால் அவள் தோளைத் தட்டினான். இரண்டு கையாலும் ஓட்டு என்று மட்டும் சொன்னாள்.

அவள் போட்ட கணக்கும் முழுதாகப் பலிக்கவில்லை. ஏப்ரலில் மளிகை வாங்கப் போனவன் வண்டியை ஓடைப் பள்ளத்தில் இறக்கிவிட்டான். நல்லவேளை, ஒருத்தருக்கும் காயமில்லை. போலீஸ்காரர் கண் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். டாக்டர் அவளிடம் ஒருகாலத்தில் சொன்ன அதே வார்த்தைகளை அவனிடமும் சொன்னார். பிக்கப் கொட்டகைக்குள் போயிற்று. பேட்டரி செத்துவிடக்கூடாது என்று டெல்பர்ட் அவ்வப்போது போய் எஞ்சினை உயிர்ப்பித்து, கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்திருந்துவிட்டு வருவான்.

தேவாலயத்துப் பெண் ஒருத்தி வியாழக்கிழமைகளில் மளிகை கொண்டுவந்து இறக்கினாள். எது கொண்டுவருகிறாளோ அதைத் தின்றார்கள். டாக்டரிடம் போக வேண்டிய நாட்களில் அவளுக்கு நேரம் ஒழிய வேண்டும். ஒழியாவிட்டால் நாள் மாற்றிக்கொண்டார்கள். முதியோர் இல்லத்திலிருந்து ஒருமுறை போன் வந்தது. ஆள் கிடைக்கவில்லை, திரும்ப வர முடியுமா என்று கேட்டார்கள். டெல்பர்ட் எதிரில் உட்கார்ந்திருந்தான். "இல்லைங்க, வேண்டாம்," என்று வைத்தாள்.

"யாரு?"

"ஏதோ விக்கறவங்க."

அவன் நம்பினானா என்று தெரியவில்லை. அவன் முகம் இருந்த இடத்தில் கறைதான் இருந்தது. நெடுநேரம் கழித்து, "நான் பஸ்ஸுக்கு ஆம் போட்டிருந்தாலும் தோத்துத்தான் இருக்கும்," என்றான்.

"ஆமா," என்றாள் அவள். "தோத்துத்தான் இருக்கும்."

அது உண்மை. ஆறுதலாகவும் இல்லை, குற்றச்சாட்டாகவும் இல்லை. இருவருக்கும் அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை.

ஜூன் மாதம் ஸ்லேட் ரன் சாலைக்குத் தார் போட்டார்கள். பெரிய இயந்திரங்கள் வந்து பழைய சாலையைச் சுரண்டி எடுத்தன. புகை நாற்றத்தில் இரண்டு வீட்டு ஜன்னல்களையும் சாத்திவைத்தார்கள். வேலை முடிந்து ஆட்கள் போனபின், பட்டுப்போல் வழவழவென்று கிடந்தது சாலை. காலால் தடவிப்பார்த்து, நன்றாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்றான் டெல்பர்ட்.

தபால் பெட்டிகள் சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்தன. முன்பெல்லாம் வண்டி வந்தால் குழியில் விழுந்து எழுந்து தடதடவென்று தூரத்திலேயே கேட்கும், மெதுவாகத்தான் வரும். இப்போது வேகமாக வந்தன, சத்தமே இல்லாமல் வந்தன. காற்று முகத்தில் அடித்த பிறகுதான் ஒரு வண்டி போயிற்று என்றே தெரிந்தது.

ஒரு மத்தியானம் அக்காவும் தம்பியும் தபால் எடுக்கக் கிளம்பிச் சாலையோரம் வந்து நின்றார்கள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் ஒருபக்கம் தலையைச் சாய்த்தாள், அவன் மறுபக்கம் சாய்த்தான்.

"வருதா?"

"தெரியலை."

"போலாமா?"

"இரு."

ஏதோ ஒன்று விர்ரென்று கடந்து போயிற்று. அவள் பாவாடை படபடத்து அடங்கியது. இருவரும் ஓர் அடி பின்னால் வைத்து, மறுபடி காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள்.